தொட்டி தாங்கிய தோள்

அவையின் நடுவே ஆசனமும் எங்கள் நெஞ்சின் நடுவே நம்பிக்கையும் பெற்று வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! நான் என்ன பேசித் தொலைப்பேனோ என்று இப்போதே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றாலும் சிரிப்பில் குறை வைக்காத இளைஞர்களே! ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களே! கம்பியை விட்டுவிடாதீர்கள். இன்று காப்பாற்ற ஆள் இல்லை, எல்லோரும் மேடையில் இருக்கிறார்கள்! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்!

ஆம், நான் தையல்காரி. நீங்கள் ஆற்றல் குடும்பம் என்று அன்போடு அழைக்கிற இந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். எனக்கு எந்த ஆற்றலும் கிடையாது. ஒரு தையல் இயந்திரம் உண்டு, ஓர் அளவு நாடா உண்டு, ஊசி குத்திய விரல்கள் பத்து உண்டு. இந்தப் பாராட்டு விழாவில் எனக்குக் கொடுத்த வேலை நன்றி சொல்வது. நான்கு வரி எழுதிய தாளை மாமியாரே என் கையில் கொடுத்து, "இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதம்மா" என்றார். அந்தத் தாளை இதோ மடித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை! இன்று நான் பேசாவிட்டால் என் வீட்டுக்காரரை இழந்துவிடுவேன். அதனால்தான் பேசுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்குமுன், இந்தக் குடும்பத்தை உங்களுக்குச் சட்டை வழியாகத் தெரியுமா? எனக்குத் தெரியும். வீரத்தைப் பார்த்தவர்கள் நீங்கள், கிழிசலைப் பார்த்தவள் நான்!

என் மாமனார் பறப்பவர். வானம் அவருக்கு வாசல், மேகம் அவருக்கு மேடை! ஆனால் பறப்பவர் சட்டைக்குப் பித்தான் வைத்தால், பித்தான் தனியாகப் பறக்கும் என்பது யாருக்குத் தெரியும்? அவர் சட்டைப்பையிலிருந்து விழுந்த மூக்குக்கண்ணாடிக் கூடு ஒரு வீட்டுக் கூரையைப் பொத்தலாக்கியது. அன்றிலிருந்து அவருடைய எல்லாப் பைகளுக்கும் ஜிப் வைத்துவிட்டேன். அதோ, கூரைக்குச் சொந்தக்காரர் கையைத் தூக்குகிறார். கையை இறக்குங்கள் ஐயா, அதுதான் சரிசெய்து கொடுத்துவிட்டோமே!

என் மாமியாரின் ஆற்றல் குரல். அவர் குரல் எழுந்தால் கண்ணாடி அதிரும், கதவு அதிரும், காரணமில்லாமல் காவல் நிலையமும் அதிரும்! ஒருநாள் மதியம் என் மாமனாரைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். ஏழு தெருவிலிருந்த கணவன்மார்கள் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்! ஒலிபெருக்கிக்காரரே, நீங்கள் ஏன் முறைக்கிறீர்கள்? உங்கள் பிழைப்பைக் கெடுக்க மாட்டார், கவலைப்படாதீர்கள்.

என் கொழுந்தன் வேகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைவீதிக்குப் போய்த் திரும்புவான். "தம்பி, ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வா" என்று தொடங்கினால், நான் நிறத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நூலோடு நிற்பான். ஏழு வருடமாக ஒருநாளும் சரியான நிறம் வந்ததில்லை! என் நாத்தனார் கண்ணுக்கு மறைபவள். அவள் மறைந்தால், அவள் போட்டிருக்கும் சட்டையும் சேர்ந்து மறையும். அளவெடுக்க நிற்கும்போது மறைந்து விளையாடுவாள். குண்டூசியை உத்தேசமாகக் குத்தி, "ஐயோ அண்ணி" என்ற சத்தம் வருகிற இடம்தான் தோள் என்று கண்டுபிடிப்பேன்.

என் வீட்டுக்காரர்? அவரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தடம் புரண்ட ரயில் பெட்டியைத் தூக்கி வைத்தவர். தரையில் அமுங்கிய தண்ணீர் லாரியைத் தனியாளாய் இழுத்தவர். மலைபோல் பலம், மழலைபோல் மனம்! அவர் சட்டைத் தோளுக்கு மட்டும் மூன்று வரிசைத் தையல் போடுவேன். சாதாரண வேலைக்கு முதல் வரிசை தாங்கும். பெரிய வேலைக்கு இரண்டாம் வரிசை தாங்கும். மூன்றாம் வரிசை வரைக்கும் எந்த வேலையும் வந்ததில்லை.

வந்தது! நூலாலைத் தொட்டி சரிந்த அன்று வந்தது!

நீங்கள் அறிந்த கதைதான். ஆனால் நீங்கள் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்தீர்கள், நான் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தேன். காலை பத்து மணிக்கு ஆலை முற்றத்துப் பெரிய தண்ணீர்த் தொட்டியின் நான்கு தூண்களில் ஒன்று முறிந்தது. தொட்டிக்குக் கீழே கொதிகலன். தொட்டி விழுந்தால் கொதிகலன் வெடிக்கும், கொதிகலன் வெடித்தால் தெருவே இருக்காது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய், முறிந்த தூணின் இடத்தில் தோளைக் கொடுத்து நின்றார். மாமியார் குரல் கொடுத்து ஆலையைக் காலி செய்தார். மாடியில் மாட்டிக்கொண்டவர்களை மாமனார் ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார். நாத்தனார் உள்ளே புகுந்து, ஒருவரும் மிச்சமில்லை என்று பார்த்து வந்தாள். அவள் வந்து நின்றதும் எங்களுக்குத் தெரியவில்லை, பதற்றத்தில் மறைந்தே நின்றிருந்தாள், அது வேறு விஷயம். அரைமணி நேரத்தில் அத்தனை பேரும் வெளியே! ஊரே கைதட்டியது!

கைதட்டி முடித்தீர்கள். அப்புறம்? அப்புறம் என்ன செய்வது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டியை விட முடியாது. ஓரடி நகர்த்தினால் தொட்டியில் விழுந்திருந்த விரிசல் பெரிதாகும். கொதிகலன் ஆற நாளாகும். நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார்! மணி பதினொன்று. மணி பன்னிரண்டு. தொட்டியிலிருக்கும் தண்ணீரைத் திறந்து விட்டால் போதும் என்று எங்கள் யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லையே! வாழ்நாள் முழுக்கப் பறந்தவருக்கு, ஓடியவனுக்கு, தூக்கியவருக்கு, ஒரு குழாயைத் திருகும் யோசனை எப்படி வரும்?

வந்தது ஒருவருக்கு! ஆலையின் வால்வுக்காரருக்கு! கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, "சார், வால்வு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் தெறந்து வுட்டுடறேன்" என்றார். முழுதாகச் சொல்லி முடித்தாரா? இல்லை! ஆபத்தான இடத்தில் ஓர் ஆள் நிற்கிறாரே என்று என் கொழுந்தன் அவரை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்தான்.

மனிதர் நடந்தே திரும்பி வந்தார். "தம்பி, நான் சொல்றத..." மறுபடியும் அள்ளினான். இந்த முறை சந்தைக்கு அப்பால். ஒரு செருப்பு முற்றத்திலேயே கிடந்தது. மூன்றாம் முறை பால் வண்டியில் ஏறி வந்து இறங்கினார், வெறுங்காலோடு. வாயைத் திறந்தார். ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கில் இருந்தார்! ஒரே நாளில் மூன்று முறை காப்பாற்றப்பட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்று நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை.

ஏனென்றால் அன்று நான் தொட்டியைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு முதல் வரிசைத் தையல் விட்டது. இரண்டு மணிக்கு இரண்டாம் வரிசை. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு. "ஒண்ணும் இல்லம்மா, நீ வீட்டுக்குப் போ" என்கிறார். வாய் பொய் சொல்லும், என் தையல் பொய் சொல்லாது! மூன்றாம் வரிசையில் ஒவ்வொரு தையல் கண்ணாக அறுகிறது. அது முழுதாக அறுந்தால் அவர் தோள் போய்விட்டது என்று பொருள். தோள் போனால் என் வீட்டுக்காரர் போனார்.

நான் மாமியாரிடம் ஓடினேன். "அத்தை, வெளியாளுங்களக் கூப்பிடுங்க."

"நாம யாரையும் கூப்பிட்டதில்லம்மா. நம்மளத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

"அவரு தோளு வுட்டுடுச்சு அத்தை! இன்னும் கொஞ்ச நேரந்தான்! நான் தச்ச சட்டை, எனக்குத் தெரியாதா?"

அத்தை திரும்பி மகனைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் ஆற்றல் குடும்பத்தின் தலைவி போய்விட்டார், பெற்ற தாய் நின்றார். அடுத்த நொடி, நீங்கள் எல்லோரும் கேட்டீர்களே அந்தக் குரல், ஊரின் கடைசித் தெருவரைக்கும் போனதே அந்தக் குரல்! "எம்புள்ள சாகக் கெடக்கான்! யாராவது வாங்களேன்!"

யார் வந்தார்கள்? பாதி முடி வெட்டியவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு முடிதிருத்துபவர் வந்தார்! பாதி வெட்டிய முடியோடு அவரும் பின்னாலேயே வந்தார்! பேருந்தை நிறுத்திவிட்டு நடத்துநர் வந்தார், அவரை இறக்கிவிட்டுப் போக மனமில்லாமல் பயணிகளும் வந்தார்கள்! பள்ளிக்கூடத்து ஆசிரியை சுண்ணாம்புக் கட்டியோடு வந்தார்! பெட்ரோல் பங்கிலிருந்து வால்வுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பறந்து வந்தார்! கொழுந்தன் பழக்க தோஷத்தில் ஓரடி எடுத்து வைத்தான். "தம்பி, அவர் மேல கைய வச்ச, தொலஞ்ச!" என்று நடுவில் போய் நின்றேன். இந்தக் குடும்பத்தில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

முற்றத்து மூலையில் ஒரு குழி, குழிக்குள் துருவேறிய இரும்புச் சக்கரம். ஒருவர் திருகினால் அசையாது, இருவர் திருகினாலும் அசையாது. நீண்ட இரும்புக் கம்பியைச் சக்கரத்தில் நுழைத்தார் வால்வுக்காரர். "எல்லாம் ஒரே நேரத்துல! இழு!" கம்பியில் தையல்காரி கை, தச்சர் கை, நடத்துநர் கை! வயதான கை, வளையல் கை! இழுத்தோம்! அசையவில்லை. இழுத்தோம்! முனகியது. இழுத்தோம்! திரும்பியது! ஐயா, அந்தத் தண்ணீர் பாய்ந்த சத்தத்தைப் போல் இனிய ஓசையை நான் இதுவரை கேட்டதில்லை! முழங்கால் தண்ணீரில் நின்று ஆடினோமே, நினைவிருக்கிறதா? தொட்டி காலியாக ஒன்றரை மணி நேரம். என் வீட்டுக்காரர் தோளை எடுத்தபோது மூன்றாம் வரிசையில் நான்கு கண் மிச்சமிருந்தது. எண்ணிப் பார்த்தேன். நான்கே நான்கு!

இனிச் சொல்லப்போவதுதான் தாளில் இல்லாதது. அத்தை, முறைக்காதீர்கள். இந்த மேடையில் கம்பீரமாய் அமர்ந்திருக்கிறாரே என் வீட்டுக்காரர், அவருடைய இடது கையால் இன்று ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. மருத்துவர் சொல்லிவிட்டார், பழைய பலம் திரும்பாது. "யார்கிட்டயும் சொல்லாதம்மா, ஊருக்குத் தைரியம் போயிடும்" என்று என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். அதோ தலையைக் குனிந்துகொள்கிறார். எதற்காக ஐயா குனிய வேண்டும்? தெருவைக் காத்த தோள், தலை குனியலாமா?

தலைவர் அவர்கள் சற்று முன்பு ஒரு நல்ல செய்தி அறிவித்தார். நாற்பது தெருவுக்கும் ஒவ்வோர் அபாய மணி. அழுத்தினால் எங்கள் வீட்டில் ஒலிக்கும், நாங்கள் ஓடி வரவேண்டும். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், ஒரு கையால் தொடையில். எனக்கு அவரைத் தெரியும். மணி அடித்தால் போவார். ஒரு கையோடு போவார். முடியவில்லை என்று சொல்லமாட்டார். திரும்பி வரமாட்டார்!

மணிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. வையுங்கள், நாற்பதும் வையுங்கள், நாங்கள் வருவோம்! நாற்பத்தோராவது மணி ஒன்றை எங்கள் வீட்டில் வையுங்கள். நாங்கள் அழுத்தினால் உங்கள் நாற்பது தெருவிலும் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் நீங்கள் வரவேண்டும். என்ன தலைவரே, யோசிக்கிறீர்கள்? விதியில் இடமில்லையா? அவைதான் எதிரே இருக்கிறதே, கேட்டுவிடுவோம்!

முடிதிருத்துபவரே, வருவீர்களா? நடத்துநரே, வருவீர்களா? தாய்மார்களே, வருவீர்களா? என்ன, காதில் விழவில்லை! ஆ, எழுந்துவிட்டார்கள்! சுவரோரம் நின்றவர்கள் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள்! வால்வுக்கார அண்ணன் இரண்டு கையையும் தூக்குகிறார்! தலைவரும் எழுந்துவிட்டார்! இன்னொரு முறை சொல்லுங்கள், என் வீட்டுக்காரர் காதில் விழட்டும்! வருவீர்களா?

ஏங்க, கேட்டுச்சா? இனிமே முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. இத்தன பேரு இருக்காங்க.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு என் நன்றி! எழுந்து நிற்கிற கால்களுக்கு என் வணக்கம்!