கால் சுற்று

ஸ்கூட்டர் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே சீராக. அதை நாங்கள் ஸ்லோ என்போம். ஸ்லோ சரியில்லாத வண்டி போகும்போது நன்றாகத்தான் போகும். வேகத்தைக் குறைத்ததும் அணைந்துவிடும். என் கடைக்கு வரும் பத்து வண்டிகளில் நான்குக்கு இந்தக் கோளாறுதான். நீங்கள் வந்த வண்டியும் அப்படித்தான் இருக்கிறது, மேடம். வாசலில் நிறுத்தும்போது கேட்டேன். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், பெரிய வேலை இல்லை.

என் பெயர் ஜெகதீசன். விழுப்புரத்தில், காணை போகும் சாலையில், பத்தொன்பது வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி தேவயானியைப் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். குழந்தை இல்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்பு படித்தவள். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பதினோரு வருஷம் அவளும் கேட்டாள். அப்புறம் ஒரு நாள் கேட்கவில்லை. டவுனில் ஒரு தனியார் லேபில் சேர்ந்துவிட்டாள். காலையில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். ஒருவர் விற்கச் சொல்லி விட்டுப்போன பழைய ஸ்கூட்டரை வாங்கி, இன்ஜினைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நான்தான் கொடுத்தேன். என் கையால் செய்த வண்டிகளில் அதுதான் நல்ல வண்டி. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை நின்றது தானாக நின்றதுதான். ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையில், ஸ்லோ ஜெட்டில், தூசி அடைத்திருந்தது. காணை தாண்டி, கரும்புக் கட்டு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"இன்னாங்க, வண்டி ஆஃப் ஆயிக்கினே கீதுங்க. எனக்கு ஒன்னும் புரியல. கொஞ்சம் ஜல்தி வர்றீங்களா?"

போனேன். ஐந்து நிமிஷ வேலை. ஓடத் தொடங்கியதும் அவள் முகம் மாறிய விதத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். தன் பிளாஸ்க்கிலிருந்து காப்பியை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தாள். "நீங்க இல்லன்னா இன்னிக்கு என் கதி அவ்ளோதான்" என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு ஒன்றரை மாதம் அவள் கூப்பிடவே இல்லை. வண்டியை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. உள்ளே திருகினால் ஸ்லோ ஏறும். வெளியே திருகினால் இறங்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மூடியைத் திறந்தால் கை எட்டிவிடும். ஒரு நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கால் சுற்று வெளியே திருகினேன். அன்று இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு தடவையும் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் போனேன்.

வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். அதற்கு மேல் செய்ததில்லை. அவளுக்கு இதில் ஒரு நஷ்டமும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். சோதனைக்கு ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகள் கொஞ்சம் பசியோடு இருந்திருப்பார்கள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு போன் வருவது நின்றது. காலையில் நான் இறக்கி வைத்த ஸ்க்ரூ, மாலையில் பார்த்தால் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. மறுநாள் அரைச் சுற்று இறக்கினேன். மாலையில் அதுவும் ஏறியிருந்தது. அவளுடைய பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. புதியது. என் கடையில் எடுத்ததில்லை.

லேபுக்கு எதிரில் சீனுவாசன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். அவன்தான் சொல்லியிருக்கிறான். "தானா திரும்பற ஸ்க்ரூ இல்லக்கா இது. ஸ்பிரிங்கு புடிச்சிக்கினு கீது. யாரோ கை வெச்சிருக்காங்க." இதைத் தேவயானியே என்னிடம் பிற்பாடு சொன்னாள், படுத்த படுக்கையான பிறகு.

அப்போது சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஆறு மாதம் நான் இறக்குவேன், அவள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஸ்க்ரூவை ஏற்றிக்கொண்டு போவாள். கத்தியிருந்தால், அழுதிருந்தால் நான் விட்டிருப்பேன். தெரிந்தும் தெரியாதவள் போல எனக்கு அப்பளம் பொரித்துப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன பங்குனியில் ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒன்னாந் தேதிலேர்ந்து திண்டிவனம் பிராஞ்சுக்கு என்னை இன்சார்ஜா போட்டிருக்காங்க. பவானி வீட்டுலயே தங்கிக்கறேன். வாரத்துக்கு ஒரு தபா வர்றேன்."

பவானி அவள் தங்கை. திண்டிவனத்தில் மரக்காணம் போகும் சாலையில் குடியிருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்த கேக்கலாம்னு தோணலியா?" என்றேன்.

"நீங்க செய்யறத எல்லாம் என்னைக் கேட்டுக்கினா செய்யறீங்க?" என்றாள். தட்டில் மோர் ஊற்றினாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் நிதானமாக யோசித்தேன். நாலு நாள் தொடர்ந்து தாமதமாகப் போனால் லேபில் புகார் வரும். இவளை நம்பி ஒரு கிளையைக் கொடுக்க முடியாது என்பார்கள். அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. வேலை மட்டும் தள்ளிப்போகும். ஆனால் ஸ்க்ரூ இனி உதவாது. அவளுக்கு அது தெரியும்.

கார்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்தாலும் தெரியாத இடத்தில், பிளேடால் ஒரு கீறல் போட்டேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது கீறல் மூடிக்கொண்டிருக்கும். சூடானதும் விரியும், காற்று உள்ளே புகும். பிறகு எந்த ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் ஸ்லோ நிற்காது. சீனுவாசனே பார்த்தாலும் அரை நாள் தேடுவான். நல்ல வேலை. என்னைப் பிடிக்காதவர்கள்கூட என் கை சுத்தம் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு முண்டியம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நான்கு வழிச் சாலையை நடுவில் விட்டிருக்கும் இடைவெளி வழியாகக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் வந்ததால் வேகத்தைக் குறைத்திருக்கிறாள். வண்டி அணைந்துவிட்டது. அவள் அங்கே போவாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். அவள் எந்த நாளில் எந்த ஊருக்குப் போவாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றி வந்த சின்ன லாரி மோதியது. ஓட்டியவர் தாண்டவராயன். ஜாமீனில் வந்ததும் என் கடைக்கு வந்தார். அறுபது வயது மனிதர், நின்றுகொண்டே அழுதார்.

"சத்தியமா சொல்றேன் தம்பி, ஆரன் அடிச்சிக்கினே வந்தேன். வண்டி நடு ரோட்டுல ஆஃப் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கிக்கினே இருந்துச்சு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் நம்பறேங்க" என்றேன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போல ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வழக்கு இன்னும் நடக்கிறது. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கைப் பார்த்தார்கள், டயரைப் பார்த்தார்கள். வண்டி திரும்பி வந்ததும் ரப்பரை மாற்றிவிட்டேன்.

தேவயானிக்குக் கழுத்து எலும்பில் அடி. கையும் காலும் வராது. பேச்சு மட்டும் இருக்கிறது. எட்டு மாதம் நான்தான் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். ஒரு புண்கூட வரவில்லை. கேப்பைக் கூழைக் கரைத்து ஸ்பூனால் ஊட்டுவேன். தலை வாரிப் பின்னுவதற்குக்கூடக் கற்றுக்கொண்டேன். தெருவில் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள்.

போன வாரம் ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அன்னிக்கு ஸ்க்ரூவைப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. வேற எதுல கை வெச்சீங்க?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ரப்பர்ல" என்றேன்.

அடுத்த ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை. பிறகு, "போலீசுக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றாள்.

எண்ணை அழுத்தியது நான். அவள் காதருகே பிடித்துக்கொண்டிருந்ததும் நான். அவளால் பிடிக்க முடியாது, வேறு யார் பிடிப்பார்கள்? என் பெயர், கடை இருக்கும் இடம், நான் செய்தது எல்லாவற்றையும் திக்காமல் சொன்னாள். ஓர் இடத்தில் தேதியைத் தவறாகச் சொன்னாள், நான் திருத்தினேன்.

நேற்று பவானி ஆம்புலன்சோடு வந்து அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எப்படிப் புரட்ட வேண்டும் என்று பவானிக்குக் காட்ட முயன்றேன். "தொடாதீங்க" என்றாள் தேவயானி. அலைச்சலில் வந்த எரிச்சல் அது. அவள் சுபாவம் எனக்குத் தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஸ்க்ரூவும் நான்தான், ரப்பரும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அந்த எட்டு மாதத்தை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள், மேடம். பதினான்கு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.