கண்ணாடி இருக்கும் இடம்

தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. சின்னவர் சொன்னார்:

"இந்த வாரம் பூரா எச்.எம். கண்ணாடி தலைமேலயே இருக்குக்கா. எப்படி லீவு கேக்க?"

"மேல ஆபீஸ்ல இருந்து போன் வந்தா அவ்வோ கண்ணாடி தலைக்கு ஏறிரும். மூக்குக்கு இறங்கின பொறவு கேளு."

"இறங்க மாட்டேங்குதே. வாட்ச்மேன் அண்ணாச்சி காலைல கேட்லயே 'தலையிலதாம்மா'ன்னு சொல்லிருதாவ. திங்கக்கெழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். என்னைய விட்டா கூட நிக்க ஆளில்ல."

"விடு, நான் கேக்கேன். நான் சொன்னா கேப்பாவ."

அப்போது பெரியவரின் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம்... சரி மேடம்... இன்னைக்கே முடிச்சிருதேன் மேடம்."

போனை வைத்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

"எச்.எம்.மா அக்கா? என் லீவு..."

"எப்பப் பாத்தாலும் லீவு, லீவு! ஒன் கிளாஸ் மார்க்க மொதல்ல ஆப்ல ஏத்திட்டியா?"

சின்னவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்.

குற்றாலத்தில் ஈரத் துண்டுகளோடு ஒரு கூட்டம் ஏறி, பஸ் மறுபடி கிளம்பியது. இப்போது சின்னவரின் போன் அடித்தது.

"அம்மா, எதுக்குச் சும்மா சும்மா போன் அடிக்கிய? பஸ்லதான வந்துக்கிட்டு இருக்கேன்! வைங்க!"

சின்னவர் கண்ணாடி போடுவதில்லை.