மீன் ரத்தத்தில் தெரிந்த பயம்

“வைகாசி மூன்றாம் வெள்ளி, காலை எட்டேகால், ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து” என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். பேச்சிலிருந்து, தங்கை கல்லூரியில் மீன் ஆராய்ச்சி செய்பவள், அண்ணன் ஊர்க் கண்மாய்க்குப் பொறுப்பானவர் என்று தெரிந்தது.

“நம்ம கண்மாய் மீன் ரத்தத்துல பயம் தெரியுதுண்ணே,” என்றாள் தங்கை.

“ஏட்டி, மீனைப் பேயா அடிச்சிருக்கு?”

“பயந்தா நமக்கு ஒரு ஹார்மோன் சுரக்கும்ல, அது மீனுக்கும் சுரக்கும். இப்ப ரொம்பக் கூடியிருக்கு. சாயப்பட்டறைத் தண்ணியும் வயக்காட்டுப் பூச்சிமருந்தும் கலக்குதுல்ல.”

“ரெண்டும் வரம்புக்குள்ளதான் இருக்குன்னியே?”

“தனித்தனியாச் சரி. சேந்தா மீனு தாங்கல போல.”

“நாளைக்கு மீன்பிடித் திருவிழாட்டி. ஊரே கூடையோட எறங்கும். மதியம் எல்லா வீட்லயும் மீன் கொழம்பு. தின்னா என்ன ஆகும்?”

“அதை இந்தச் சோதனை சொல்லாது. ஆமா, எனக்குக் கொண்டாந்த மீனை எப்படிப் புடிச்ச?”

“அரைமணி நேரம் வெரட்டிப் புடிச்சு, வாளியில போட்டு பைக்ல கொண்டாந்தேன்.”

“அண்ணே! புடிச்ச ஒடனே என்னையக் கூப்பிடுன்னு சொன்னேன்ல. வெரட்டுனாலே அது ஏறிரும்.”

“அப்ப மீனு பயந்தது தண்ணிக்கா, எனக்கா?”

“தெரியலண்ணே. மறுபடி கரையிலயே வச்சு ரத்தம் எடுக்கணும்.”

“நாளைக்குள்ள தெரியுமா?”

“தெரியாது.”

அண்ணன் அலைபேசியை எடுத்தார்.

“ஏலே, நாளைக்குக் கண்மாய்ல யாரையும் எறக்காத. திட்டுனா என்னையத் திட்டட்டும்.”

இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்கள். மீன்கள் எதற்குப் பயந்தன என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.