காய்ச்சின தண்ணிதான் குடிக்கிறோம்

மைக் செட்டு கட்டி ஒரு வண்டி அனுப்புனீங்களேம்மா, அதத்தான் சொல்றேன். அது என்ன வண்டியா, ராக்கெட்டா? தெருமுனையில "பொதுமக்களே"ன்னுச்சு. நான் அடுப்ப அணைச்சுட்டு பால்கனிக்கு ஓடி வர்றதுக்குள்ள "கேட்டுக்கொள்கிறோம்"னு முடிச்சுட்டுப் பறந்துடுச்சு. நடுவுல என்னத்தக் கேட்டுக்கிட்டோம்? கொர்ருங்கிற சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டோம். உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. சுகாதாரத் துறைன்னு கழுத்துல அட்டை தொங்குதேன்னுதான் கதவத் திறந்தேன்.

அப்புறம் நோட்டீஸ் ஒட்டுனீங்க. எங்க ஒட்டுனீங்க? குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி! மூக்கப் பொத்திக்கிட்டு யாரு போய் படிக்கிறது? நான் போய்ப் படிச்சேன். "குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்." அவ்ளோதான். ஏன் காய்ச்சணும், எதுக்குக் காய்ச்சணும், ஒரு விளக்கம் கிடையாது. ரோட்டத் தோண்டின மகராசன் குடிதண்ணிக் குழாயையும் சாக்கடைக் குழாயையும் சேத்து உடைச்சுட்டுப் போனான்னு எங்களுக்கு யாரு சொன்னா? பால்காரர் சொன்னாரு. பால்காரருக்குத் தெரிஞ்சது உங்களுக்கு அப்புறமாத்தான் தெரியுது!

என்ன... மத்த பில்டிங்ல எல்லாம் வாந்தியும் வயித்துப்போக்கும் குறைஞ்சுடுச்சா? எங்க பில்டிங்ல மட்டும் குறையலையா? அதப் பாக்கத்தான் வந்தீங்களா? நல்லா இருக்கே கதை! இங்க இருக்கிற ஜனங்களப் பாத்தா நீங்களே புரிஞ்சுப்பீங்க. மூணாவது மாடியில ஒரு அறிவுக்கொழுந்து இருக்காரு, ரிட்டயர்டு ஆபீசர். இதெல்லாம் கொசுவால வர்றதுன்னு மாடிப்படி பூரா புகை போட்டாரு. வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடினவங்க எல்லாம் இருமிக்கிட்டே ஓடினாங்க. அதுக்கு மேல் மாடி டைலரம்மா, கை கழுவுறதுன்னா விரல் நுனிய நனைக்கிறது. ரெண்டு சொட்டு! தண்ணிக்கு வலிக்குமாம். இவங்களக் கேளுங்க முதல்ல, என்னை வந்து கேக்குறீங்க.

எனக்கா? போன வாரம் கொஞ்சம் கடமுடான்னுச்சு. மாத்திரை போட்டேன், அடங்கிடுச்சு. என் உடம்பு கல்லும்மா. என் தங்கச்சிதான்... எதிர் வீடு அவ வீடுதான், பூட்டிக் கிடக்குது பாருங்க. இதே வயித்துப்போக்குதான், ஆஸ்பத்திரியில கிடக்கிறா. பூஞ்சை உடம்பு அவளுக்கு. முந்தாநாள் தேறி எழுந்து உக்காந்தா, ட்ரிப்ஸக் கழட்டினாங்க. நேத்து மறுபடி ஆரம்பிச்சுடுச்சு, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. பெரிய டாக்டர் வந்து நிக்கிறாரு, "ஏன் திரும்ப வந்துச்சுன்னு புரியல"ங்கிறாரு. உனக்கே புரியலன்னா நான் யாருய்யா உனக்குச் சொல்ல? ஆஸ்பத்திரித் தண்ணி சரியில்ல, வேற என்ன! அதுக்குத்தான் ட்ரிப்ஸக் கழட்டின நாள்லேருந்து நான் வீட்லேருந்து ஃபிளாஸ்க்குல அனுப்புறேன். இன்னைக்கும் காலையிலயே அவ புருஷன் வாங்கிட்டுப் போனான்.

என்ன தண்ணியா? கேட்டீங்களே ஒரு கேள்வி! காய்ச்சின தண்ணிம்மா. இந்த பில்டிங்ல ஒரு பய பச்சத்தண்ணி குடிக்கிறதில்ல, நான் விட்டாத்தானே! இவளுங்க காய்ச்சுற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஓரத்துல ரெண்டு குமிழி வந்தா அடுப்ப அணைச்சுடுவாளுங்க. அதான் பெரிய அண்டாவ ஏத்தி எல்லா வீட்டுக்கும் நானே காய்ச்சி ஊத்துறேன். என் தங்கச்சி வீட்ல மெஷின் வச்சிருந்தா, தண்ணி சுத்தம் பண்ற மெஷின். "அந்த டப்பாவ நம்பாதடி"ன்னு நான்தான் பிளக்கப் புடுங்கிவிட்டேன். காலையில வாசல்ல பாட்டிலத் தூக்கிக்கிட்டு வரிசையா நிப்பாங்க, நீங்களே பாக்கலாம். உங்க ஆபீஸ் செய்ய வேண்டிய வேலை, ஒத்த பொம்பள செய்யறேன். ஒரு நன்றி உண்டா?

எப்படிக் காய்ச்சுறேன்னு பாக்கணுமா? வாங்க, அடுப்படிக்கே வாங்க. பரீட்சையா வைக்கிறீங்க? வைங்க. இதோ கொதிக்குது பாருங்க, தளதளன்னு. நல்லா கொதிக்க விடுவேன், அவசரமே கிடையாது. அப்புறம் அணைச்சுடுவேன். இப்ப இத அப்படியே ஊத்த முடியுமா? ஊத்தினா பிளாஸ்டிக் பாட்டில் சுருங்கிப் போகுதும்மா! ஆறட்டும்னா அதுவரைக்கும் வாசல்ல நிக்கிறவளுங்க வாய் சும்மா இருக்குமா? அதனால இந்தக் குழாயத் திறந்து, ரெண்டு சொம்பு புடிச்சு, இப்படி விளாவி... தொட்டுப் பாருங்க, பதமா இருக்குதா? என் தங்கச்சியே சொல்லுவா, "உன் தண்ணிதான்க்கா தொண்டைக்கு இதமா இருக்கு"ன்னு.

ஏம்மா... ஏன் குழாய மூடுறீங்க?

ரெண்டு சொம்புதாம்மா. இவ்ளோ பெரிய அண்டாவுக்கு ரெண்டு சொம்பு. சூட்டுல விழுந்ததுமே கிருமி செத்துடாதா?

சாகாதா? அணைச்ச பெறகு ஊத்தினா சாகாதா?

அத வண்டியில சொல்றதுக்கென்ன! நோட்டீஸ்ல போடறதுக்கென்ன! காய்ச்சுன்னு போட்டீங்க, காய்ச்சினேன். வெரல் சுட சுடக் காய்ச்சினேன். விளாவாதேன்னு எங்கயாவது ஒரு வரி போட்டீங்களா? படிச்சவங்கதானே நீங்க எல்லாம்? ஒரு வரி...

இருங்க. அப்ப அந்த ஃபிளாஸ்க்கு? போன் பண்ணுங்கம்மா, வார்டுக்கு. உங்க போன்லேருந்தே பண்ணுங்க. ரெண்டாவது மாடி, பொம்பளைங்க வார்டு. நேத்தே வேணாம்னாம்மா அவ. "குமட்டுதுக்கா, போதும்"னா. நான்தான் தாடையப் புடிச்சு, "குடிச்சாத்தான் தெம்பு வரும்"னு ஒரு டம்ளர் முழுக்க ஊத்தினேன். கடவுளே, என் கையால ஊத்தினேனே...

போன எடுத்துட்டாங்களா? நர்ஸா? அந்த ஃபிளாஸ்க்கப் புடுங்கச் சொல்லுங்க. குடிச்சாளான்னு கேளுங்க. கேளுங்கம்மா!

பாதியா? பாதி குடிச்சுட்டாளா?

...டாக்டரக் கூப்பிடறாங்களா? பாப்பாங்களா? நல்லா பாக்கச் சொல்லுங்க. நான் இதோ கிளம்பி வர்றேன்னு சொல்லுங்க.

யாரது வாசல்ல? காலையில வாங்கினது பத்தாம மறுபடி வந்திருப்பாளுங்க. இருங்க, நீங்க போகாதீங்க. அட்டையக் காட்டினா உங்கள நம்ப மாட்டாளுங்க. இந்த ஊர்ல எவ நம்புறா உங்கள? நான் போறேன்.

ஏய், டைலரம்மா! அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கிறதக் கீழ கொட்டு. வீட்ல புடிச்சு வச்சதையும் கொட்டு. எல்லாரையும் கொட்டச் சொல்லு, ஒரு வாய் குடிக்கக் கூடாது... ஏனா? யாரு காய்ச்சின தண்ணியா? நான்தான்டி காய்ச்சினேன். நான் காய்ச்சினதுதான். கொட்டுடி!