கோணல் கண் பொம்மைகள்

உங்கள் மேசை மேல் இருக்கும் துணிப் பொம்மை எங்கள் கடையில் செய்ததுதான், டாக்டர். போன தடவை வந்தபோது என் தங்கை கொடுத்தாள். அழுக்குப் படாமல் வைத்திருக்கிறீர்கள். வாங்கிப்போகிற பலர் நேராகக் குழந்தை கையில் கொடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் காது பிய்ந்துவிடும்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "தனியா அப்படி என்னக்கா பேசப்போற?" என்று கேட்டாள். ஆபரேஷன் பற்றி ஒரு சந்தேகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இடது கண் போய்விட்டது, வலது கண்ணையாவது அறுத்துப் பார்க்க வேண்டும், அதிலும் ஆபத்து இருக்கிறது என்று இப்போதுதான் சொன்னீர்கள். அதற்கு மேல், "இந்த மருந்து இப்படிக் கைவிட்டு நான் பாத்ததே இல்லம்மா, எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல" என்று உங்களையே நொந்துகொண்டீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தப்பு உங்கள் மேல் இல்லை. மருந்தின் மேலும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கைவினைச் சந்தையில் கடை போடுகிறவர்கள். பள்ளி மைதானத்தில் நடக்கும். ஒரு மடக்கு மேசை, அதன் மேல் வெள்ளைத் துணி, துணி மேல் பொம்மைகள், அவ்வளவுதான் கடை. இந்தப் பக்கம் சோப்புக்காரர், அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள். சந்தைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மேசை மேல் இருப்பதெல்லாம் மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும்.

எனக்குக் கை சுத்தம். வேலையைத்தான் சொல்கிறேன். என் தையல் ஒரே சீராக ஓடும். பொம்மைக்குக் கடைசியாகத்தான் கண் தைப்போம், என் பொம்மையில் இரண்டு கண்ணும் அளந்து வைத்த மாதிரி நேராக உட்கார்ந்துவிடும். அதுவே எனக்கு வினையாகப் போனது. வருகிறவர்கள் பொம்மையை எடுப்பார்கள், திருப்புவார்கள், "மெஷின்ல தச்சதா?" என்பார்கள். "கையால தச்சதுதாங்க" என்றால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு நாள் சந்தைச் செயலாளரே வந்தார். ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார், நல்ல மனிதர். எல்லார் முன்னாலும் என் பொம்மையின் ஓரத்தைப் பிரித்து உள்தையலைப் பார்த்தார்.

"புகார் வந்திருக்கும்மா. மொத்தமா எங்கேயோ வாங்கியாந்து விக்கிறீங்கன்னு. இன்னொரு தடவை வந்தா நான் இடம் தர முடியாது."

சோப்புக்காரர் தன் சோப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என் காது மடலெல்லாம் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

தங்கைக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அவள் தைத்த பொம்மைகளை நான் மேசையில் வைப்பதில்லை, பைக்குள்ளேயே கிடக்கும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, வாய் கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அவற்றை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு பெண் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயோ பாவம், ஏதோ கேக்க வந்துட்டு மறந்துபோன மாதிரி நிக்குது பாருங்க. இதுதாங்க கைவேலை" என்றாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. செயலாளர் தன் பேத்திக்கு ஒன்று வாங்கிப்போனார்.

நானும் கோணலாகத் தைத்துப் பார்த்தேன், டாக்டர். அதையும் சொல்லிவிட வேண்டும். வரவில்லை. "வேணும்னே பண்ண மாதிரி இருக்கே" என்று மெழுகுவர்த்தி அம்மாள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே தெரியாதவர் கைக்குத்தான் அது வரும்.

பிறகுதான் உங்களிடம் வந்தோம். கண்ணுக்குள் அழுத்தம் என்றீர்கள். "போன பார்வை திரும்பாது, இருக்கிறதக் காப்பாத்திடலாம்" என்று சொட்டு மருந்து எழுதினீர்கள், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடியும் கொடுத்தீர்கள். கண்ணாடி போட்டதும் அவள் பொம்மைகள் நிமிர்ந்துவிட்டன. "அக்கா, உன்னோடது மாதிரியே வந்திடுச்சு பாரு" என்று குதித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் மெஷினா என்று கேட்டார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பழையபடி காது சுட்டது.

கண்ணாடி காணாமல் போனது. நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பஞ்சு மூட்டையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். அப்புறம் உங்களிடம் வந்து இன்னொன்று வாங்கினோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. வாங்க வாங்க ஒவ்வொரு கண்ணாடியாகத் தொலைத்துக்கொண்டிருக்க முடியாது.

மருந்துக் குப்பியின் முனை அழுத்திப் பொருத்தியதுதான். கத்தி நுனியால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர். அந்த விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததில்லை. காலையிலும் மாலையிலும் அவளைச் சாய்த்து உட்காரவைத்து நானே விட்டேன்.

"இப்பல்லாம் எரியவே இல்லையேக்கா?"

"கண்ணு பழகிடுச்சுடி."

"அதில்ல. உன் கை அப்படி."

இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அன்றைக்கும் தின்றது. அடுத்த குப்பி வந்தபோது இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கத்தியைத் தேடினேன்.

கண்ணாடி போட்டும் அவள் பொம்மைகள் மெல்ல மெல்ல மறுபடி கோணின. கடை நன்றாக ஓடியது. வாசலை ஒட்டிய இடத்தைச் செயலாளரே எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். யாரும் உள்தையலைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவருவதைப் பார்த்துவிட்டு, "அக்கான்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எந்த அக்கா இப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்டால் தெருவே என் பெயரைத்தான் சொல்லும். கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நீட்டினாள். "முகம் எப்படி வந்திருக்குக்கா?" என்றாள். முன்பக்கம் வெறும் துணி. இரண்டு கண்ணையும் பின்மண்டையில் தைத்திருந்தாள். "நல்லா வந்திருக்குடி" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அதையும் மேசை மேல் வைத்தேன். அதுதான் முதலில் விற்றுப்போனது.

இவ்வளவுதான், டாக்டர். அவள் கண்ணைக் கெடுத்தது நான். தெரிந்தே, வேளை தவறாமல் கெடுத்தேன். வலது கண்ணில் மிச்சம் இருப்பதற்கு இனியாவது நிஜ மருந்து போனால் கத்தி வைக்காமலே காப்பாற்றலாம் இல்லையா? அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நான் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டாள். ஒன்றும் தெரியாத பெண், என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. நர்ஸை வைத்து மருந்து விடச் சொல்கிறேன் என்று சொல்வீர்கள், அது சரிப்படாது. அடுத்தவர் கை பட்டால் கண்ணை மூடிக்கொள்வாள், பழக்கம் அப்படி. சீட்டை என்னிடமே கொடுங்கள், டாக்டர். இனிமேலும் நானே விடுகிறேன்.