மும்முறை மணியடிக்கும் கைக்கு

மலாக்கா நகரின் மழைக்கும் வெயிலுக்கும் மசியாத மாண்பாளரே! முப்பத்தோர் ஆண்டுகள் மிதிவண்டி மிதித்தும் முகம் சுளிக்காத முன்னவரே! பண்டார் ஹிலிரில் இருபத்து மூன்று ஆண்டும், காஜா பெராங்கில் ஏறத்தாழ எட்டாண்டும் கடிதம் சுமந்த கண்ணியரே! தபால்காரர் திரு. பொன்னுதுரை அவர்களே! வணக்கம்.

காஜா பெராங் என்றதும் தங்கள் புருவம் உயர்கிறது. "நான் பண்டார் ஹிலிர் ஆளு லா!" என்று சொல்ல வாய் திறக்கிறீர்கள். சற்றே பொறுத்தருள்க. நாளை காலை இப்பணி ஓய்வு விழாவும் இம்மாலைகளும் தங்களுக்கு நினைவிரா. இம்மடல் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் இருக்கும். ஆகவே புகழ்மொழிகளோடு நில்லாமல், நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறோம்.

சென்ற டிசம்பர் மழையில், குறுக்கே ஓடிய நாயைக் காக்கப் போய்த் தாங்கள் சைக்கிளோடு சறுக்கி விழுந்தீர்கள். சாலையோர லோங்காங் சாக்கடையின் விளிம்பில் தலை மோதியது. நாய் பிழைத்தது, கடிதப் பை நனையவில்லை, தங்கள் நினைவிலிருந்து கடைசி ஏழாண்டுகள் மட்டும் காணாமற் போயின. அதன்பின் நடப்பவையும் ஓரிரவுக்கு மேல் தங்குவதில்லை. நாடு விடுதலை பெற்று மெர்டேக்கா வந்த செய்தியை இந்த ஒரு மாதத்தில் முப்பது முறை தங்களிடம் சொன்னோம். முப்பது முறையும் முதன்முறை கேட்பவராய் எங்களைக் கட்டித் தழுவினீர்கள். நாங்களோ ஒரே முறைதான் மகிழ்ந்தோம்!

ஆயினும் ஐயா, அதிசயத்தைக் கேளுங்கள். பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பியபோது காஜா பெராங்கின் ஒரு வீடும் தங்களுக்குத் தெரியவில்லை. பையை மாட்டிச் சைக்கிளில் ஏற்றிவிட்டதும், வண்டி தானே அங்கு திரும்பியது. ஒரு கடிதமும் வீடு மாறவில்லை. எப்படி என்று கேட்டோம். "எனக்கு எங்க லா தெரியும்? காலைத்தான் கேக்கணும்" என்றீர்கள்.

விடுவோமா நாங்கள்! மருத்துவர் சேதுராமனிடம் ஓடினோம். "ஞாபகம்னா ஒரே பெட்டின்னு நெனைச்சீங்களா? உங்க ஆபீஸ்ல தெருவுக்கு ஓர் அறை வெச்சு லெட்டரைப் பிரிக்கிறீங்கல்ல, அது மாதிரிதான். நடந்ததுக்கு ஒண்ணு, தெரிஞ்சுக்கிட்டதுக்கு ஒண்ணு, பழகினதுக்கு ஒண்ணு. அடிபட்டது முதல் அறையில" என்றார் அவர். அன்று முதல் சாப்பாட்டு வேளையெல்லாம் தங்களைச் சோதித்தோம், மன்னித்தருள்க. பழைய தபால் விதிகளைக் கேட்டால் வரிவரியாய் ஒப்பித்தீர்கள். கண்ணை மூடச் சொன்னாலும் கடிதக் கட்டுக்கு முடிச்சுப் போட்டீர்கள். காலையில் என்ன பசியாறினீர்கள் என்றால் மட்டும் விழித்தீர்கள்.

நான்காவது அறையொன்றும் உண்டோ என்பது எங்கள் ஐயம். ஜனவரியில் சேர்ந்த குமாஸ்தா கணேசமூர்த்தியைத் தினமும் "யாரு தம்பி நீங்க?" என்று கேட்கிறீர்கள். கேட்டுக்கொண்டே தங்கள் வறுத்த கச்சாங் கடலையில் பாதியை அவர் கையில் கொட்டுகிறீர்கள். வேறெவருக்கும் ஒரு பருப்பும் தருவதில்லை! பெயர் தங்காத இடத்தில் பிரியம் எப்படித் தங்குகிறது என்று மருத்துவரைக் கேட்டோம். அவரும் தலையைச் சொறிந்தார்.

பின்பு வந்தது சோதனை. மார்ச் மாதம் காஜா பெராங்கிலிருந்து சீதா அம்மையார் புகார் எழுதினார். கடிதம் இல்லாத நாளிலும் தபால்காரர் தம் வீட்டு வாசலில் மூன்று முறை சைக்கிள் மணியடித்துவிட்டு நிற்கிறார் என்பதே புகார். மேலதிகாரி தங்களை அழைத்து, கோயிலுக்கு அடுத்த அந்த வீடு யாருடையது என்றார். தெரியாது என்றீர்கள். ஓய்வுக்கு ஆறு மாதமே இருக்க, மூளை கலங்கியவர் என்று எழுதித் தங்களை வீட்டுக்கு அனுப்பக் காகிதம் தயாரானது. ஒரே ஒரு நாள் இவர் பின்னால் வந்து பாருங்கள் என்று மேலதிகாரியிடம் மன்றாடினோம். அவரும் வந்தார்.

நூற்று அறுபத்து மூன்று கடிதங்கள், பிழை ஒன்றில்லை. ஆனால் கடிதமே இல்லாத அந்த வாசலில் தங்கள் கை மூன்று முறை மணியடித்தது. ஏன் என்று அதட்டினார். "தெரியலைங்க. கை தானா அடிச்சிடுது. உள்ள யாரோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு" என்றீர்கள்.

அப்போது உடன் வந்திருந்த நம் சக தபால்காரர் சுப்பையன், முன்பொரு நாள் தாங்களே அவருக்குச் சொன்னதைச் சொன்னார். அவ்வீட்டில் முன்பு இருந்தவர் அஞ்சலை அம்மாள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட மகனின் கடிதத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் வாசலில் காத்திருந்தவர். வெறுங்கையோடு கடந்துபோக மனமின்றி, தினமும் மும்முறை மணியடித்து, "இன்னிக்கு இல்லம்மா, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிப் போனீர்கள். ஐம்பத்தைந்தாம் ஆண்டில் அவர் மறைந்தபின் மணியை நிறுத்தினீர்கள். அவர் இறந்ததைத் தங்கள் நெஞ்சு இன்று மறந்தது. அவர் காத்திருந்ததைத் தங்கள் கை மறக்கவில்லை.

வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்த சீதா அம்மையார் அழுதுவிட்டார். புகாரைத் திரும்பப் பெற்றார். மேலதிகாரி தம் காகிதத்தை அங்கேயே கிழித்தார். அதனால்தான் இன்று கலங்காத பெயரோடு, முழுத் தவணையும் முடித்து ஓய்வு பெறுகிறீர்கள். இவ்விழாவை இங்கே தம் வாசலிலேயே நடத்தச் சொன்னவரும் சீதா அம்மையாரே. முன்வரிசையில் மாலையோடு இருக்கிறார், பாருங்கள்.

அன்புக்குரிய அண்ணா! தங்கள் துணைவியார் ருக்மணி அம்மையாரோடு, நோயணுகா உடலும் நகை குன்றா முகமும் கொண்டு, பல்லாண்டு இனிதிருக்க வேண்டுகிறோம். தாங்கள் எங்களை மறக்கலாம்; அது தங்கள் பிழையன்று. நாளை முதல் புக்கிட் ரம்பாயில் தங்கள் வீட்டைக் கடப்பவர் சுப்பையன். கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கள் வாசலில் அவர் மூன்று முறை மணியடிப்பார். யார், எதற்கு என்று தினமும் கேளுங்கள். தினமும் சொல்வோம்.

என்றும் தங்கள்,
அஞ்சலகத் தோழர்கள்
காஜா பெராங், மலாக்கா
30 செப்டம்பர் 1957

எழுதியவன்: கணேசமூர்த்தி. கச்சாங் வாங்கித் தின்ற அதே தம்பி.