கூப்பனோடு போன கொலைகாரன்

அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சிங்கவரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலு பேர்: வாடகைக்குப் புத்தகம் விடும் பாய், குள்ளமான ஒரு வாலிபன், கடலை மூட்டையோடு ஒரு அம்மா, நான்.

"உயரமாவுற மிஷினு விளம்பரம் என் காமிக்ஸ்லதான் கெடச்சுதா ஒனக்கு? நீ வெட்டின கூப்பனுக்குப் பின்னாடிதான் கொலைகாரன் யாருன்னு போட்டிருந்துச்சு. இப்ப எவனும் வாடகை தரமாட்டேங்குறான்" என்று வாலிபனைப் பிடித்துக்கொண்டார் பாய்.

"பொண்ணு வீட்ல குள்ளம்னுட்டாங்க பாய். அடுத்த மாசம் திரும்ப வந்து பாக்குறாங்களாம்."

"கொலைகாரன் யாரு? அதையாவது சொல்லு, எழுதி ஒட்டிக்கிறேன்."

"கதையில வர்ற ஹீரோ, அந்த ஒத்தக்கண்ணு துப்பறிவாளர்தான் பாய். ஜெயில்ல போட்டுட்டாங்க."

"ஜெயில்ல இருக்கிறவரு இந்த மாச புக்குல எப்படிப்பா குதிரை மேல வராரு?"

வாலிபன் தலையைச் சொறிந்தான். "நான் கூப்பன்ல விலாசம் எழுதுற பக்கத்தத்தான் பாத்தேன்."

கைகலப்பாகிவிடுமோ என்று நான் ஓரடி தள்ளி நின்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

"புக்கு மூணு ரூபா. எடு."

அவன் ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் படியில் ஏறினான். "மீதி, நான் வளந்தப்புறம் பாய்."

"அப்ப அந்த ரெண்டு ரூபா வந்த மாதிரிதான்" என்றார் பாய்.